சூரன் ஏன் மூன்று முறை சுற்றி வருகிறான்?

எங்கள் பெரியப்பா சூரன் தூக்குபவர். பசுவந்தனையில் இரண்டு ஏக்கர் கரிசல், உளுந்தும் மிளகாயும் போடுவார். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பக்கத்து ஊர் முருகன் கோயிலில் சூரசம்ஹாரத்துக்குச் சூரனைத் தூக்கப் போய்விடுவார். முன்தண்டில் இடது பக்கம் அவருடையது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த இடம் மாறவில்லை.

போன ஐப்பசியில் டீக்கடையில் ஒரு பையன் அவரிடம் கேட்டிருக்கிறான். வெளியூரில் வேலை பார்க்கிறவன், நன்றாகப் படித்தவன். "சூரன் நம்ம ஆளு. தமிழன். வடக்கிலிருந்து வந்தவங்க நம்ம ராஜாவைக் கொன்னுட்டு அதைக் கதையா எழுதி வச்சிருக்காங்க. நீங்க என்னடான்னா நம்ம ஆளு சாகிறதை நீங்களே தோளில் சுமந்துக்கிட்டுத் திரியிறீங்க." பெரியப்பா பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் அது அவரை அரித்திருக்கிறது. நான் தீபாவளிக்கு வந்தபோது களத்தில் வைத்துக் கேட்டார். "ஏலே, நீதான வரலாறு படிக்க. சூரன் யாரு? நல்லவனா, கெட்டவனா? நெசத்தைச் சொல்லு. நான் இனிமே தூக்கவா வேண்டாமா?"

எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டில் மொகலாயர் நில வருவாய் முறை சொல்லிக்கொடுக்கிறார்கள், சூரனை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. (தேர்வுக்குப் படிக்காமல் இதைப் படித்ததால் ஒரு தாளில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே சொல்லப்போவதில்லை.) கல்லூரி நூலகத்திலும் கோவில்பட்டியில் ஒரு தமிழய்யா வீட்டிலும் உட்கார்ந்து தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு ஆச்சரியம் தந்தது, ஆரம்பத்தில் சூரனுக்குக் குணம் என்று ஒன்றுமே கிடையாது என்பதுதான். சங்க நூல்களில் 'சூர்' என்றால் அச்சம், வருத்தம், ஆளை வாட்டும் ஒரு சக்தி. மலையிலும் சுனையிலும் அது இருக்கும். தனியாகப் போகிற பெண்ணைப் பிடிக்கும். திருமுருகாற்றுப்படையிலும் பரிபாடலிலும் முருகன் கடலுக்குள் புகுந்து வேலால் சூரை அழிப்பது வருகிறது. மாமரம் வருகிறது, கடல் வருகிறது, வேல் வருகிறது. ஆனால் சூருக்கு அப்பா யார், அம்மா யார், மனைவி உண்டா, ஏன் சண்டை போட்டான், சாகும்போது என்ன சொன்னான்.. ஒன்றும் கிடையாது. இன்றைக்கு நாம் சொல்லும் பேய்க்கதையில் பேய்க்கு எவ்வளவு குணச்சித்திரம் இருக்குமோ அவ்வளவுதான் அதற்கும். அது பயம். பயத்தைக் கடவுள் அழித்தார். கதை முடிந்தது.

வடக்கே இருந்த கதையில் எதிரியின் பெயரே வேறு. மகாபாரதத்தின் வனபர்வத்தில் கந்தன் கொல்வது மகிஷனை. காளிதாசனின் குமாரசம்பவத்தில் தேவர்களை வாட்டுபவன் தாரகன். சூரபதுமன் என்ற அண்ணனும் சிங்கமுகன் என்ற நடுத்தம்பியும் தாரகன் என்ற கடைசித் தம்பியுமாக ஒரு முழுக் குடும்பம் நமக்குக் கிடைப்பது கந்தபுராண மரபில்தான். தமிழ்நாட்டுச் சூரும் வடநாட்டுத் தாரகனும் சந்தித்த இடத்தில் பிறந்தவன் சூரபதுமன் என்று நான் புரிந்துகொள்கிறேன். டீக்கடைத் தம்பி சொன்னதில் பாதி சரி: அவன் பெயரில் இருக்கும் 'சூர்' இந்த மண்ணுடையதுதான். ஆனால் அந்தச் சூரைக் கொன்ற முருகனும் அதே பழைய பாட்டில் இதே மண்ணில்தான் நிற்கிறான். இதைப் பிறகு பார்ப்போம்.

சூரனுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பெண் பேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழில் அரக்க குணத்தைத் திட்டமிட்டு மாற்றி எழுதிய பழைய எழுத்தாளர் ஒரு சமணர். பழையனூர் நீலி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொன்ற கணவனை மறுபிறவியில் துரத்தி வந்து, கள்ளிக்கட்டையைக் குழந்தை என்று இடுப்பில் வைத்துக்கொண்டு, எழுபது வேளாளர் முன்னால் வழக்காடி, அவனைத் தன்னோடு ஓர் இரவு தங்கவைத்துக் கொன்றவள். 'நீலிக்கண்ணீர்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த நீலி. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் இந்தப் பேய் என்ன ஆகிறாள் தெரியுமா? தவம் செய்துகொண்டிருக்கும் முனிச்சந்திரர் என்ற சமண முனிவரைப் பயமுறுத்திக் கலைக்க வருகிறாள். முடியவில்லை. அவரிடமே பாடம் கேட்கிறாள். கொல்லாமையை ஏற்கிறாள். அதன் பிறகு ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசையாக எல்லோரையும் வாதத்தில் தோற்கடிக்கிறாள். பௌத்தக் காப்பியத்தின் நாயகி குண்டலகேசியும் அவளிடம் தோற்கிறாள்.

எனக்கு இது ரொம்பப் பிடித்தது. ரத்தம் குடித்த வாய் தருக்கம் பேசுகிறது! பழையனூரில் வழக்காடி ஆளைக் கொன்றவள், இங்கே வழக்காடிக் கொள்கையைக் கொல்கிறாள். நீலியின் திறமை அப்படியே இருக்கிறது, பயன்படும் இடம்தான் மாறுகிறது. 1936ல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி இதைச் சமயதிவாகர உரையோடு பதிப்பித்தார். நூலில் பெரும்பகுதி தத்துவ விவாதம் என்பதால் நம் ஆட்கள் அதிகம் படிப்பதில்லை. நானும் முழுக்கப் படித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீலி இந்தப் பக்கத்து மக்களிடம் வேறு வழியில் பிழைத்துக்கொண்டாள். திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவள் இசக்கி. 'இயக்கி' என்ற சொல் வழியாக யட்சியிலிருந்து வந்த பெயர் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். கழுகுமலைப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் யட்சிகளும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பிள்ளையோடு நிற்கும் அம்பிகா யட்சியைப் பார்த்துவிட்டு, ஊருக்குள் வந்து பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் இசக்கியைப் பார்த்தால், சட்டென்று ஏதோ புரிகிற மாதிரி இருக்கும். நம்மூரில் ஆளைக் கொன்ற பேய்க்கும் பீடம் உண்டு, கொல்லப்பட்டவனுக்கும் பீடம் உண்டு. பயந்தால் ஒரு கல்லை நட்டுப் பொங்கல் வைத்துவிடுவோம்.

சரி, சூரனுக்கு வருவோம்.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் பூசை செய்த கச்சியப்ப சிவாச்சாரியார் எழுதிய கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு, ஆறு காண்டம். காலம் பற்றி ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை, 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதில் இரண்டாவது காண்டத்தின் பெயரே அசுர காண்டம். தலைவன் பெயரால் அல்ல, எதிரி பெயரால் ஒரு காண்டம்!

அங்கே சூரனுக்கு அப்பா அம்மா கிடைத்துவிடுகிறார்கள். அப்பா காசிப முனிவர். தேவர்களுக்கும் அவர்தான் அப்பா. அம்மா மாயை, அசுர குலத்துப் பெண், சுக்கிராச்சாரியாரிடம் பாடம் கேட்டவள். ஆக, சூரபதுமனும் இந்திரனும் ஒரே தகப்பனுக்குப் பிறந்த மாற்றாந்தாய் மக்கள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இது பங்காளித் தகராறுல்லாடே!" என்றார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான உரை கந்தபுராணத்துக்கு யாரும் எழுதியிருக்க முடியாது. பிள்ளைகளுக்கு அப்பா ஒரு பாடம் சொல்கிறார்: அறம், தவம், மார்க்கண்டேயன் கதை. அம்மா உட்காரவைத்து வேறு பாடம் சொல்கிறாள்: செல்வம், அதிகாரம், வேள்வி. பிள்ளைகள் அம்மா சொல்லைக் கேட்கிறார்கள். (இந்த இடத்தில் கச்சியப்பர் பழியை அம்மா தலையில் வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்த அம்மாவின் குலம் தேவர்களிடம் அடி வாங்கியது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.)

அடுத்து வேள்வி. வரம் வேண்டிச் சூரன் தன் உடம்புத் தசையை அறுத்து நெருப்பில் போடுகிறான். கடைசியில் தானே நெருப்பில் குதிக்கிறான். சிவன் வருகிறார். 108 யுகம் ஆயுள், 1008 அண்டத்துக்கு அரசு, இந்திரஞாலம் என்ற தேர். தென்கடலில் வீரமகேந்திரபுரம் என்ற தலைநகர். தெய்வத்தச்சனின் மகள் பதுமகோமளை மனைவி. மகன்களில் மூத்தவன் பானுகோபன், தொட்டிலில் கிடந்தபோதே சூரியனைப் பிடித்துக் கட்டியவன்.

இப்போது அவன் செய்கிற கொடுமையும் வருகிறது. தேவர்களைச் சிறை வைக்கிறான். தேவர்களை மீன் சுமக்க வைக்கிறான். இந்திரன் சீர்காழியில் மூங்கிலாக ஒளிந்துகொள்கிறான். கச்சியப்பர் இதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் போர் தொடங்கியதும் அவர் பேனா (எழுத்தாணி என்று திருத்திக்கொள்கிறேன்) அசுரர் பக்கத்து வீடுகளுக்குள் போகிறது. தம்பி சிங்கமுகன் சபையில் எழுந்து, தேவர்களை விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. தோற்போம் என்று தெரிந்தும் அண்ணனுக்காகப் போய்ச் சாகிறான். கம்பனின் கும்பகருணன் ஞாபகம் வராமல் இந்த இடத்தைப் படிக்க முடியாது.

இன்னொரு மகன் இரணியன். இவனைப் பற்றி எந்தச் சினிமாவிலும் எந்தச் சூரசம்ஹாரத்திலும் காட்டமாட்டார்கள். இவனும் அப்பாவுக்குப் புத்தி சொல்கிறான். திட்டு வாங்குகிறான். களத்துக்குப் போகிறான். அங்கே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சப்போவதில்லை என்று. அப்பா செத்தால் ஈமக்கடன் செய்ய ஒரு பிள்ளையாவது வேண்டுமே என்று நினைத்து, மீனாக மாறிக் கடலுக்குள் போய் மறைந்துகொள்கிறான். புறமுதுகு காட்டினான் என்று சொல்லலாம். ஆனால் அவன் ஓடியது தன் உயிருக்காக அல்ல, கொள்ளி வைப்பதற்காக. இவ்வளவு பெரிய போர்க்கதையில் ஓர் அரக்கன் மகன் எதிரிக்கடலில் மீனாகக் காத்துக்கொண்டிருக்கிறான், அப்பா சாகட்டும் என்று அல்ல, செத்தால் அனாதைப் பிணமாகப் போய்விடக்கூடாது என்று. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கடைசியாகச் சூரன் தனியாக நிற்கிறான். முருகன் அவனுக்குத் தன் பேருருவத்தைக் காட்டுகிறான். காட்டுவதோடு, அதைப் பார்த்து உணர்கிற அறிவையும் கொஞ்ச நேரம் கொடுக்கிறான். அப்போது சூரன் பேசுகிற பாட்டுகள்தான் கந்தபுராணத்தின் உச்சம் என்று தமிழய்யா சொன்னார். பாட்டை இங்கே தரவில்லை, கருத்தை மட்டும் என் வார்த்தையில் சொல்கிறேன். சின்னப் பிள்ளை என்று நினைத்தேனே, இவன் எல்லாவற்றுக்கும் மேலானவனாக இருக்கிறானே என்கிறான். என் கால் இவனைச் சுற்றிவர ஆசைப்படுகிறது, கை கும்பிட ஆசைப்படுகிறது, தலை வணங்க ஆசைப்படுகிறது, ஆனால் மானம் என்ற ஒன்று இருக்கிறதே, அது விடமாட்டேன் என்கிறதே என்கிறான்.

முருகன் உருவத்தைச் சுருக்கியதும் அந்த அறிவும் போய்விடுகிறது. மறுபடி சண்டை. கடைசியில் கடலுக்குள் தலைகீழ் மாமரமாக நிற்கிறான் (சங்கப் பாட்டிலிருந்த அதே மாமரம்!), வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். கொன்றான் என்று சொல்லவும் வழியில்லை. வாகனமாகவும் கொடியாகவும் கூடவே வைத்துக்கொண்டான்.

மானம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சங்ககாலச் சூருக்கு மானம் கிடையாது, காய்ச்சலுக்கு மானம் உண்டா என்ன? கச்சியப்பர் தன் காலத்துத் தமிழ் அரசர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்களோ அதையே எடுத்து அரக்கனுக்குக் கொடுத்திருக்கிறார். அவன் தோற்பதற்கும் அதுதான் காரணம், நாம் அவனை வெறுக்க முடியாமல் போவதற்கும் அதுதான் காரணம்.

இனி கடற்கரைக்குப் போவோம். திருச்செந்தூரில் கந்தசஷ்டி ஆறாம் நாள் மாலை என்ன நடக்கிறது என்று பலரும் பார்த்திருப்பீர்கள், குறைந்தது டிவியிலாவது. முதலில் யானைமுகத் தாரகன் வருவான். சுவாமியை மூன்று முறை சுற்றிவிட்டு எதிரே நிற்பான். வேல் தொடும், தலை விழும். பிறகு சிங்கமுகத் தலை, மறுபடி சுற்று. பிறகு சூரபதுமனின் சொந்தத் தலை, மறுபடி சுற்று. கடைசியில் மாமரமும் சேவலும். உடம்பு ஒன்றுதான், தலைதான் மாறும். எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலிலும் சின்ன அளவில் இதே முறைதான்.

வருஷா வருஷம் பார்த்திருந்தும் நான் யோசித்ததில்லை, எதிரியோடு சண்டை போட வந்தவன் ஏன் அவரைச் சுற்றி வருகிறான்? கோயிலில் நாம் சுவாமியைச் சுற்றினால் அதற்கு என்ன பெயர்? புத்தகத்தில் கால் ஆசைப்பட்டது, மானம் விடவில்லை. கடற்கரையில் அந்தக் காலுக்கு ஆசைப்பட்டதைக் கொடுத்துவிட்டார்கள். இதை யார் எப்போது இப்படி அமைத்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் தேடவில்லை, போர்வீரன் எதிரியை வட்டமிடுவதுதான் அது என்று நீங்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன். ஆனால் தூக்குகிறவர்கள் அதை எப்படிச் சுற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா ஆறு நாளும் ஒருவேளைச் சாப்பாடு. வேல் தாங்கி நிற்கும் பூசாரிக்கு என்ன விரதமோ அதே விரதம் சூரனைத் தூக்குகிறவருக்கும்.

கழுகுமலையில் இன்னொரு விசேஷம். கழுகாசலமூர்த்தி உட்கார்ந்திருக்கும் மயிலின் முகம் இடப்பக்கம் பார்க்கிறது. மற்ற ஊர்களில் மயில் சூரன், அதனால் வலப்பக்கம் பார்க்கும், இங்கே மயில் இந்திரன், சூரன் அழிவதற்கு முந்தைய கோலம் என்று தலபுராணம் சொல்லுகிறது. அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடிய அதே முருகன்தான். கோவில்பட்டியிலிருந்து அரைமணி நேரம் பஸ்ஸில் போனால் இந்திரன் மயில், இரண்டரை மணி நேரம் போனால் சூரன் மயில். தேவனும் அசுரனும் ஒரே வேலையை மாறி மாறிப் பார்க்கிறார்கள். பங்காளிகள் என்று பெரியப்பா சொன்னது சரிதான்.

அச்சும் மேடையும் வந்தபிறகு அரக்கனின் கதை வேகம் பிடிக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராவதற்கு முன் நடிகராக இருந்தவர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்கள்தான் அவருக்கு. அவருடைய வேஷத்தைப் பார்த்துக் கர்ப்பிணி ஒருத்தி அதிர்ந்துபோனாள், அதனாலேயே வேஷம் போடுவதை விட்டார் என்று நாடகக்காரர்களிடம் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் அரக்கன் என்றால் பார்ப்பவர் நடுங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தலைமுறைக்குப் பிறகு ஆர்.எஸ். மனோகர் அதே அரக்கர்களை நாயகர்களாக மேடையேற்றினார்: இலங்கேஸ்வரன், சூரபத்மன், நரகாசுரன், சுக்ராச்சாரியார், இந்திரஜித். இலங்கேஸ்வரனில் சீதை இராவணனின் மகள். புதிதாகப் பண்ணினார் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சமண இராமாயணங்களில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தக் கதை இருக்கிறது. மறுபக்கம் 1967ல் ஏ.பி. நாகராஜனின் கந்தன் கருணை வந்து, அசோகன் சிரித்த சிரிப்பில் சூரபதுமன் மறுபடி பழைய வில்லன் ஆகிவிட்டான். எங்கள் வயதுக்காரர்களுக்குச் சூரன் என்றால் அந்தச் சிரிப்புதான்.

இப்போது டீக்கடைத் தம்பியின் கேள்விக்கு வர வேண்டும். அவன் சொன்னது அவன் கண்டுபிடித்தது அல்ல, அதற்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அதன் தொடக்கத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்குப் பக்கத்து முன்னீர்பள்ளத்துக்காரர் எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளை 1928ல் இராவணனை மாவீரனாக, தமிழ்ப் பேரரசனாகக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பெரியாரின் இராமாயணப் பாத்திரங்கள் 1930ல் வந்தது. கந்தபுராணமும் இராமாயணமும் ஒரே அச்சில் வார்த்தவை என்ற வாதமும் சுயமரியாதை இயக்கத்தில் எழுந்தது. ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை 3100 பாட்டில் இராவண காவியம் எழுதி 1946ல் வெளியிட்டார். 1948ல் அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1971ல். ஒரு கவிதைப் புத்தகத்துக்கு 23 வருஷத் தடை! அரக்கன் நல்லவன் என்று எழுதுவது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது பாருங்கள். 1974 டிசம்பர் 25 அன்று சென்னைப் பெரியார் திடலில் மணியம்மையார் தலைமையில் இராவண லீலா நடத்தி, இராமன், சீதை, இலட்சுமணன் உருவங்களை எரித்தார்கள். டெல்லியில் இராவணனை எரிப்பதற்குப் பதில்.

அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரு கூட்டத்தையே அரக்கர் என்று சொல்லிவைத்தால் அவர்களை என்னவும் செய்யலாம் என்று ஆகிவிடும், ஊருக்குள் நாம் யார் யாரை எப்படிப் பேசியிருக்கிறோம் என்று நினைத்தாலே தெரியும். இது தமிழர்க்கு மட்டும் வந்த யோசனையும் அல்ல. வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861லேயே இந்திரஜித்தை நாயகனாக்கிக் காவியம் எழுதிவிட்டார். ஜார்க்கண்டில் அசுர் என்ற பெயரிலேயே ஒரு பழங்குடி இருக்கிறது, ஊரெல்லாம் துர்க்கைக்கு விழா எடுக்கும்போது அவர்களில் பலர் மகிஷனுக்காகத் துக்கம் காக்கிறார்கள். மலையாளிகளுக்குச் சொல்லவே வேண்டாம், அவர்களுடைய பெரிய பண்டிகையே ஓர் அசுர ராஜா திரும்பி வரும் நாள். அமெரிக்காவில் ஜான் கார்ட்னர் 1971ல் ஒரு பழைய ஆங்கிலக் காவியத்தின் பூதத்தையே கதை சொல்ல வைத்து கிரெண்டல் என்று நாவல் எழுதினார்.

ஆனால் இதில் ஒன்று கவனித்தேன். இராவணனுக்கு ஒரு இராவண காவியம் இருக்கிறது, சூரபதுமனுக்கு அப்படி ஒன்று பெரிதாக எழவில்லை. ஏன்? என் ஊகம் இது. இராமனை வடக்கிலிருந்து வந்தவன் என்று சொல்லிவிட்டால் இராவணன் தானாகத் தமிழனாகிவிடுவான். முருகனை அப்படிச் சொல்ல முடியாது. அவன் குறிஞ்சிக் கடவுள், வள்ளியைக் கட்டியவன், நம் வீட்டில் பாதிப்பேருக்கு அவன் பெயர்தான். இன்றைக்கு அரசியல் மேடைகளிலேயே அவனை முப்பாட்டன் என்கிறார்கள். முருகனும் நம்மவன், சூரனும் நம்மவன் என்றால் அந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது? அந்தக் கேள்வியில்தான் எங்கள் பெரியப்பா மாட்டிக்கொண்டார்.

இன்னொன்று, இது என் ரசனை, ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இராவண காவியத்து இராவணனிடம் ஒரு குறையும் இல்லை. நல்ல அரசன், நல்ல கணவன், நல்ல தமிழன். அவன் செத்தால் வருத்தமாக இருக்கிறது, கோபம் வருகிறது. அவனுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை, எல்லாச் சண்டையும் வெளியேதான். கச்சியப்பரின் சூரனோ கெட்டவன்தான், மீன் சுமக்க வைத்தவன்தான், ஆனால் கும்பிட நினைத்த கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு நிற்கிறானே, அவனை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒரு வரப்புத் தகராறில் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக ஆசைப்பட்டும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் உண்டு. மேளச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சித்திரையில் ஊருக்கு வந்தபோது பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன். கைலாசநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தோம், பசு வந்து வணங்கியதால் ஊருக்கே பெயர் வந்த அந்தச் சன்னதிக்கு முன்னால். வேள்வியில் தசை அறுத்ததைச் சொன்னேன், இரணியன் மீனானதைச் சொன்னேன். அங்கே மட்டும் குறுக்கிட்டார். "கடைசியில அந்தப் பய கொள்ளி வச்சானா?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், சூரன் உடம்பே மயிலும் சேவலுமாகப் போய்விட்டதே, வைப்பதற்கு என்ன இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மானத்தைப் பற்றிச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார், அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை போல.

பிறகு சொன்னார்: "அந்தப் பையன் கேட்டதும் தப்பில்லடே. நம்ம ஆளுதான். நம்ம ஆளுங்கிறதுனாலதான் நாம தூக்குதோம். அந்நியன்னா எவன் தூக்குவான்?"

இந்த ஐப்பசிக்கு அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூன்று தலைக்கும் மூன்று மூன்று சுற்று, கரிசல் மழையில் நனைந்திருந்தால் பாதம் இரண்டு கிலோ கூடிவிடும். அவர் மகன் திருப்பூரில் இருக்கிறான், லீவு கிடைக்காது. முன்தண்டு இடது பக்கத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார், நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆறு நாள் ஒருவேளைச் சாப்பாடு என்பதுதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. தோளுக்கு ஈரத்துண்டு வைக்கக்கூடாதாம், வழுக்குமாம், காய்ந்த துண்டை நாலாக மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.